முகமூடி கொடுத்தோம், அவர்கள்தான் போடுவதில்லை

தோட்டத்தில் மருந்தடித்த நம் தாய்மார்களைப் பற்றி எப்போது பேச்செடுத்தாலும் நிர்வாகத் தரப்பிலிருந்து வரும் பதில் ஒன்றுதான். முகமூடி கொடுத்தோம், கையுறை கொடுத்தோம், அவர்கள்தான் போடுவதில்லை. இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டே பல ஆண்டுகளை ஓட்டிவிட்டார்கள். தோட்டத்தை விட்டு வெளியேற்றப்பட்டு, பிறையிலும் பட்டர்வொர்த்திலும் அடுக்குமாடி வீடுகளில் குடியேறி, தொழிற்சாலைக்கும் துப்புரவு வேலைக்கும் புல் வெட்டும் வேலைக்கும் போகத் தொடங்கிய பிறகும் அந்த வரி நம்மை விடவில்லை. இப்போது குத்தகைக்காரர் அதைச் சொல்கிறார். அதைவிட வேதனை, லிட்டில் இந்தியாவில் கடை வைத்திருக்கும் நம்மவர்களே தங்கள் கடைத் தொழிலாளர்களைப் பற்றி அதையே சொல்கிறார்கள்.

பாதுகாப்புச் சாதனங்களை எப்படிப் பார்த்து வாங்குவது என்று எழுதும்படி வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். எழுதுகிறேன். ஆனால் எந்தக் கையுறை நல்லது என்ற கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. அந்த ஆபத்து ஏன் அங்கே இருக்கிறது? அதை யார் கொண்டு வந்து வைத்தார்கள்? இதைக் கேட்காமல் கையுறை விலையை மட்டும் பேசினால், நாமும் அந்த நிர்வாகத்தின் பாட்டையே பாடுகிறவர்கள் ஆகிவிடுவோம்.

பாராகுவாட்டின் கதையை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். 1962-இல் ஐசிஐ என்ற பிரிட்டிஷ் நிறுவனம் கிராமோக்சோன் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்த களைக்கொல்லி அது. பிற்பாடு சுவிட்சர்லாந்தின் சின்ஜெண்டா நிறுவனத்தின் கைக்குப் போனது. கித்தாத் தோட்டத்திலும் செம்பனைத் தோட்டத்திலும் களையைக் கருக்க அதைத்தான் முதுகில் சுமந்தார்கள். அதைச் சுமந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அவர்களில் மிகப் பலர் நம்மவர்கள். அந்த நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது. உடலுக்குள் போனால் நுரையீரலில் சேர்ந்து அதைக் கெட்டிப்படுத்திவிடும். தோலில் காயமோ வெடிப்போ இருந்தால் அதன் வழியாகவும் உள்ளே போகும். புல்லும் முள்ளும் கிழித்த காலோடு வேலை செய்கிறவருக்குக் காயமில்லாத தோல் எங்கே இருக்கிறது?

சுவீடன் 1983-இல் அதைத் தடை செய்தது. அந்த நிறுவனத்தின் சொந்த நாடான சுவிட்சர்லாந்து 1989-இல் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் கொடுக்கப்பட்டிருந்த அனுமதியை 2007-இல் அங்குள்ள நீதிமன்றம் ரத்து செய்தது. அங்கே மனிதருக்கு ஆகாதது இங்கே ஆகுமாம். மலேசியாவில் 2002 ஆகஸ்டில் படிப்படியாக நிறுத்தப் போவதாக அறிவித்தார்கள். 2006-இல் அந்த முடிவைத் தளர்த்தினார்கள். முழுத் தடை 2020 ஜனவரி 1-ஆம் தேதிதான் அமலுக்கு வந்தது. அறிவிப்புக்கும் தடைக்கும் இடையில் 17 ஆண்டுகள். அந்த 17 ஆண்டுகளில் மருந்து மாறவில்லை. முகமூடி போடுங்கள் என்ற அறிவுரை மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

இந்தப் போராட்டத்தில் நம் பினாங்குக்குப் பெரிய பங்குண்டு. பூச்சிமருந்துகளுக்கு எதிரான பான் என்ற உலக வலையமைப்பு 1982-இல் பினாங்கில்தான் தொடங்கப்பட்டது. அதன் ஆசிய பசிபிக் பிரிவு இன்றும் பினாங்கிலிருந்துதான் இயங்குகிறது. அதுவும் ஐரின் பெர்னாண்டஸ் தலைமையிலான தெனாகனிதாவும் சேர்ந்து 2002-இல் தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களைப் பற்றிய ஆய்வு ஒன்றை வெளியிட்டன. மூக்கில் இரத்தம், நகம் கழன்று விழுதல், கண்ணெரிச்சல், தோல் அரிப்பு, வாந்தி, தலைச்சுற்றல் என்று தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்திருந்தும் எந்த அலுவலகப் புத்தகத்திலும் ஏறாத விஷயங்கள் அதில் அச்சில் ஏறின. ஐரின் 2014-இல் காலமானார். தடையைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

இனி, அவர்கள் ஏன் போடவில்லை என்ற கேள்விக்கு வருவோம். கொடுத்தது என்ன? பல இடங்களில் கொடுத்தது மெல்லிய துணி முகமூடி அல்லது காகித முகமூடி. தூசிக்கே அது போதாது. மருந்துத் துளி பட்டு நனைந்துவிட்டால், நஞ்சில் நனைத்த துணியை மூக்கில் கட்டிக்கொண்டு மூச்சு விடுவதற்குச் சமம். அதைக் கழற்றி எறிந்தவர் மூடத்தனத்தால் எறியவில்லை. மூச்சு முட்டியதால் எறிந்தார். பருத்திக் கையுறையும் அப்படித்தான். ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு நாள் முழுக்கத் தோலோடு ஒட்டவைக்கும். வெறுங்கையாக இருந்தால் கழுவினாலாவது போகும். சரியான சாதனம் கொடுத்த இடத்திலும் இன்னொரு சிக்கல் இருந்தது. பகல் வெயிலில், காற்று நுழையாத செம்பனை வரிசைக்குள், முதுகில் தண்ணீர் நிரம்பிய தோம்போடு, தலை முதல் கால் வரை பிளாஸ்டிக் உடுப்புப் போட்டு எத்தனை மணி நேரம் நடக்க முடியும்? குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து இதை எழுதியவர்கள் ஒருநாள் போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

இதை நாம் மட்டும் சொல்லவில்லை. ஐநாவின் உணவு வேளாண்மை அமைப்பு 1985-இல் கொண்டுவந்த பூச்சிமருந்து நடத்தை நெறியிலேயே இந்தக் கருத்து இருக்கிறது. அசௌகரியமான, விலை அதிகமான, எளிதில் கிடைக்காத பாதுகாப்பு உடை தேவைப்படும் மருந்துகளைத் தவிர்க்க வேண்டும், அதிலும் வெப்ப நாடுகளில் தவிர்க்க வேண்டும் என்பது அதன் சாரம். அதாவது, உடுப்பு இல்லாமல் பாதுகாப்பாக அடிக்க முடியாத மருந்து வெயில் நாட்டுக்கு உரிய மருந்தே அல்ல. நம் நாட்டுச் சட்டமும் இதே முறையைத்தான் சொல்கிறது. ஆபத்தான இரசாயனங்கள் பற்றிய 2000-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி முதலில் அந்தப் பொருளையே நீக்கப் பார்க்க வேண்டும். முடியாவிட்டால் ஆபத்துக் குறைந்த வேறொன்றை வைக்க வேண்டும். பிறகு மூடிய இயந்திரம், காற்றுப் போக்கி, வேலை நேர மாற்றம் என்று பார்க்க வேண்டும். இதெல்லாம் முடிந்த பிறகு மிச்சமிருக்கும் ஆபத்துக்குத்தான் கையுறையும் முகமூடியும். கடைசியில் வர வேண்டியதை முதலிலும் முடிவிலும் அதையே வைத்ததுதான் தோட்ட நிர்வாகங்கள் செய்த வேலை.

பாராகுவாட் போய்விட்டது, இனிப் பேச என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அதன் இடத்தில் கிளைபோசேட்டும் குளுபோசினேட்டும் வந்துள்ளன. கிளைபோசேட் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2015-இல் வகைப்படுத்தியது. மற்றது கருவுறுதலையும் கருவையும் பாதிக்கக்கூடியது என்று ஐரோப்பாவில் வகைப்படுத்தப்பட்டது. இன்றைக்குத் தோட்டங்களில் அதை அடிப்பவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியரும் வங்காளதேசிகளும். நம் தாய்மார்கள் சுமந்த அதே தோம்பு இப்போது அவர்கள் முதுகில். அது அவர்கள் பாடு என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. நம்மவர்கள் சாலையோரத்திலும் பள்ளித் திடலிலும் கோயில் வளாகத்திலும் இன்றும் களைமருந்து அடிக்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

அப்படி அடிக்கிறவர்களுக்குச் சில வார்த்தைகள். துணிக் கையுறை வேண்டாம், தோல் கையுறையும் வேண்டாம், நைட்ரில் கையுறை வாங்குங்கள். முழங்கையில் பாதியாவது வரும் நீளம் இருக்கட்டும். கீழ்நோக்கி அடிக்கும்போது சட்டைக் கையைக் கையுறைக்கு மேலே இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் கையில் வழியும் மருந்து கையுறைக்குள் இறங்கித் தேங்கும். காற்சட்டையை பூட்ஸுக்குள் திணிக்காமல் வெளியே விடுவதும் அதே காரணத்துக்காகத்தான். மருந்து கலக்கும் நேரம்தான் மிக ஆபத்தான நேரம். அப்போது இருப்பது தண்ணீர் சேராத கெட்டி மருந்து. முகத்தை மறைக்கும் கவசம் அடிக்கும்போது இல்லாவிட்டாலும் கலக்கும்போது கட்டாயம் வேண்டும். தோம்பு கசிகிறதா என்று முதலில் வெறும் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கசியும் தோம்பைச் சுமக்கிறவருக்கு உலகத்தில் உள்ள எந்தக் கையுறையும் உதவாது, நஞ்சு முதுகு வழியாக இறங்கிக்கொண்டிருக்கும். வேலை உடுப்பை வீட்டாரின் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள், குளிக்குமுன் பிள்ளையைத் தூக்காதீர்கள். பால் குடித்தால் மருந்து முறிந்துவிடும் என்ற நம்பிக்கை நம்மிடையே இன்னும் இருக்கிறது. முறியாது.

இனிக் காசு விஷயம். சாதனத்துக்கு யார் காசு கொடுப்பது என்று தெரியாததால்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். 1994-ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு சுகாதாரச் சட்டத்தின் 26-ஆவது பிரிவு தெளிவாக இருக்கிறது. இந்தச் சட்டத்தின்படி செய்து கொடுக்க வேண்டிய எதற்கும் முதலாளி தொழிலாளியிடம் காசு வாங்கக்கூடாது. பூட்ஸுக்கு என்று முதல் மாதச் சம்பளத்தில் பிடிப்பதும், தலைக்கவசத்துக்கு முன்பணம் கேட்பதும் இதற்கு எதிரானவை. புகார் சொன்னதற்காக வேலையை விட்டு நீக்குவதையோ பழிவாங்குவதையோ 27-ஆவது பிரிவு தடுக்கிறது. மறுபக்கம் 24-ஆவது பிரிவு, கொடுத்த சாதனத்தைப் போட வேண்டியது தொழிலாளியின் கடமை என்கிறது. போடாவிட்டால் தொழிலாளி மீதும் நடவடிக்கை எடுக்கலாம். ஆகவே கொடுத்தது சரியில்லை என்றால் சும்மா கழற்றி வைக்காதீர்கள். சரியில்லை, இன்ன காரணத்தால் சரியில்லை என்று எழுதிக் கொடுங்கள், குறைந்தது வாட்ஸ்அப்பிலாவது அனுப்புங்கள். போடவில்லை என்ற வரிக்கு நம்மிடம் இருக்கும் ஒரே பதில் அந்தக் கடிதம்தான்.

இந்தச் சட்டத்துக்கு 2022-இல் கொண்டுவந்த திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. முதலாளிக்கான உச்ச அபராதம் 50,000 வெள்ளியிலிருந்து 500,000 வெள்ளியாக உயர்ந்தது. முன்பு குறிப்பிட்ட துறைகளுக்கு மட்டும் இருந்த சட்டம் ஏறக்குறைய எல்லா வேலை இடத்துக்கும் விரிந்தது. 5 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும். உடனடி ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளியிடம் சொல்லியும் அவர் ஒன்றும் செய்யாவிட்டால், அந்த இடத்தை விட்டு விலகிக்கொள்ளும் உரிமையும் தொழிலாளிக்கு வந்திருக்கிறது.

5 பேர் என்றால் யார்? லெபோ பினாங்கிலும் லெபோ பாசாரிலும் நடந்து பாருங்கள். மளிகைக்கடை, துணிக்கடை, வாழை இலைச் சாப்பாட்டுக்கடை, நகைக்கடை என்று எத்தனை கடைகளில் 5 பேருக்கு மேல் நிற்கிறார்கள்! இந்தச் சட்டம் ஏதோ பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு மட்டும் என்று நம் முதலாளிகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உரிமை இயக்கம் என்று நாம் அரசாங்கத்தை நோக்கி மட்டுமே கை நீட்டினால் போதுமா? தமிழ்நாட்டிலிருந்து வந்து நம் கடைகளில் காலை முதல் இரவு வரை நிற்கும் பிள்ளைகள் நம் இனம் இல்லையா? அவர்கள் காலில் இருப்பது சிலிப்பர். எண்ணெயும் தண்ணீரும் கொட்டிக் கிடக்கும் சமையல் கட்டில், கொதிக்கும் சாம்பார் அண்டாவை இருவர் தூக்கிக்கொண்டு போவது சிலிப்பர் காலோடு. வழுக்காத அடிப்பாகம் உள்ள மூடிய காலணி ஒன்று ஒரு மேசைக்காரரின் ஒருநாள் பில்லுக்கு மேல் போகாது. சூடான பாத்திரத்தை ஈரத்துணியால் பிடிக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். ஈரம் நொடியில் ஆவியாகிக் கையைப் பொசுக்கும், காய்ந்த தடித்த துணிதான் காப்பு.

மளிகைக் கடைகளில் மிளகாய், மல்லி அள்ளிக் கட்டுகிறவர்களும் மாவு மில்லில் அரைக்கிறவர்களும் தும்மிக்கொண்டே வேலை செய்வதை வேடிக்கையாகப் பார்க்கிறோம். அந்தத் தூளை நாள்தோறும் சுவாசித்தால் நெஞ்சு இறுகும் நோய் வரும். அவர்களுக்குத் தேவை என்95 முகமூடி. மருத்துவமனையில் கட்டும் நீல முகமூடி பக்கவாட்டில் திறந்திருக்கும், தூள் அந்த வழியாகப் போகும். என்95 வாங்கும்போது இரண்டு பட்டைகள் தலைக்குப் பின்னால் போகிறதா என்று பாருங்கள். காதில் மாட்டும் வகை அவ்வளவு இறுக்கமாக உட்காராது. அமெரிக்க நியோஷ் அங்கீகாரம் பெற்றதில் டிசி-84ஏ என்று தொடங்கும் எண் முகமூடியின் மேலேயே அச்சிட்டிருக்கும். குழந்தைகளுக்கு என்று எழுதி என்95 விற்றால் வாங்காதீர்கள், அந்த அங்கீகாரம் சிறுவர் முகமூடிக்குக் கொடுக்கப்படுவதில்லை. போட்ட பிறகு இரு கையாலும் மூடி ஊதிப் பாருங்கள், ஓரத்தில் காற்று கசிந்தால் அது முகமூடி இல்லை, அலங்காரம். தாடி இருந்தால் எந்த இறுக்கமான முகமூடியும் நிற்காது. தைப்பூச விரதத்துக்கு தாடி விட்டிருக்கும் காலத்தில் நம் ஆண்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த மாதம் அந்த வேலையிலிருந்து மாற்றித் தரும்படி கேட்பதுதான் சரி, விரதத்தையோ நுரையீரலையோ விடச் சொல்லவில்லை.

புகைமூட்டக் காலத்துக்கும் இதே முகமூடிதான். 1997, 2005, 2013, 2015, 2019 என்று நாம் எத்தனை பார்த்தாகிவிட்டது. முதல் நாளே கடையில் தீர்ந்துபோகும், விலையும் ஏறும். ஆகவே முன்கூட்டியே ஒரு பெட்டி வீட்டில் இருக்கட்டும். வெயிலிலும் ஈரத்திலும் வைக்காமல் மூடிய இடத்தில் வையுங்கள், காலாவதித் தேதியைப் பாருங்கள்.

ஆனால் ஒன்று. என்95 தூளையும் புகைத் துகளையும்தான் தடுக்கும். சாயத்தின் வாசம், தின்னர், திராவகத்தின் ஆவி இவற்றைத் தடுக்காது. வாசம் வருகிறது என்றால் அது உள்ளே போகிறது என்று பொருள். அதற்கு வடிகட்டிக் குப்பி பொருத்திய இரப்பர் முகமூடி வேண்டும். குப்பியின் நிறத்தை நம்பி வாங்காதீர்கள். அமெரிக்க முறையில் சாய ஆவிக்குக் கறுப்பு, ஐரோப்பிய முறையில் பழுப்பு. மஞ்சள் ஒன்றில் ஒரு பொருள், மற்றதில் வேறு பொருள். மேலே எழுதியிருப்பதைப் படியுங்கள், படிக்கத் தெரியாவிட்டால் பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். பிரித்த குப்பி மாதக்கணக்கில் நிற்காது.

நகைப் பட்டறைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கேடிஎம் நகை என்று நாம் பெருமையாக வாங்குகிறோமே, அந்தப் பெயரே பற்றவைப்பில் சேர்க்கும் காட்மியத்திலிருந்து வந்தது. ஊதுகுழல் சூட்டில் காட்மியம் புகையாகி எழும். அது நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஒரு நாள் நிறைய இழுத்துவிட்டால் காய்ச்சல் போலத் தொடங்கி உயிரையே எடுக்கலாம். பக்கத்திலேயே நைட்ரிக் திராவகக் கிண்ணம். சிறிய மூடிய அறை, மின்விசிறியைப் போட்டால் சுடர் ஆடும் என்று அதையும் நிறுத்திவிடுவார்கள். இங்கே ஒரு முகமூடியை வாங்கிக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று முதலாளி போனால் அது பழைய தோட்டத்துக் கதைதான். திராவக ஆவிக்குச் சாதாரணக் குப்பிகள் சரிப்பட்டு வராது. காட்மியம் இல்லாத பற்றவைப்புப் பொடி கிடைக்கிறது, அதற்கு மாறலாம். சுடருக்கு மேலே புகையை வெளியே இழுக்கும் குழாய் வைக்கலாம். முகமூடி அதற்குப் பிறகு. நகை வாங்கப் போகும் தாய்மார்களே, சேதாரத்தைப் பற்றிப் பேரம் பேசுகிறீர்கள், இது காட்மியம் இல்லாமல் பற்றவைத்ததா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

சாதனம் போட்டால் ஆபத்து கூடும் இடமும் உண்டு. தேங்காய் துருவும் இயந்திரம், மாவு பிசையும் இயந்திரம், துளையிடும் இயந்திரம் போன்று சுழலும் எதன் பக்கத்திலும் கையுறை போடக்கூடாது. கையுறையின் நுனி சிக்கினால் கை முழுவதையும் இழுத்துக்கொண்டு போய்விடும். வளையல், துப்பட்டா, முந்தானை, கழுத்தில் தொங்கும் சங்கிலி எல்லாம் அதே கணக்கு. சந்தையில் தேங்காய் துருவும் பிள்ளைக்குக் கையுறை வாங்கிக் கொடுப்பதைவிட, இயந்திரத்துக்கு ஒரு மறைப்பும் கைக்கெட்டும் தூரத்தில் நிறுத்தும் பொத்தானும் போட்டுக் கொடுங்கள்.

மூட்டை தூக்குகிறவர்கள் இடுப்பில் அகலப் பட்டை கட்டியிருப்பதைப் பார்க்கலாம். அது முதுகைக் காக்கும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்காவின் நியோஷ் ஆய்வு நிறுவனம் 1994-இலேயே சொல்லிவிட்டது. கட்டிக்கொண்ட தைரியத்தில் இன்னும் அதிகமாகத் தூக்கத்தான் தோன்றும். 50 கிலோ மூட்டையை 25 கிலோவாக ஆக்குவதும், ஒரு தள்ளுவண்டி வாங்குவதும்தான் முதுகுக்குக் காப்பு.

மோட்டார் சைக்கிள் தலைக்கவசம் நம் குடும்பங்கள் எல்லாவற்றையும் தொடும் விஷயம். இந்நாட்டில் 1973 முதல் அது கட்டாயம். சாலை விபத்தில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள். சிரிம் ஒட்டுச்சீட்டு இல்லாததை வாங்காதீர்கள். போட்டு, தாடைப் பட்டையை மாட்டி, பின்னாலிருந்து முன்னோக்கித் தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால் அது போலீசுக்காகப் போடுவது. விழுந்து அடிபட்டதை வெளியே கீறல் இல்லை என்பதற்காகத் திரும்பப் போடாதீர்கள், உள்ளே இருக்கும் நுரை ஒருமுறைதான் நசுங்கும். தம்பிக்கு அண்ணனின் பெரிய தலைக்கவசத்தை மாட்டிப் பள்ளிக்கு அனுப்புவதும் வேண்டாம். சிறிய தலைக்குச் சிறிய அளவு விற்கிறார்கள்.

பாதுகாப்பு பூட்ஸ் மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய சரக்கை வாங்கினால் இரண்டாம் வாரமே அடிப்பாகம் உதிர்ந்துவிடும். நம் ஊர் ஈரத்துக்கும் சூட்டுக்கும் பாலியூரித்தேன் பெட்டிக்குள்ளேயே மட்கிப்போகும். தயாரித்த மாதம் வருடம் பூட்ஸில் இருக்கும், பார்த்து வாங்குங்கள். கட்டுமானத் தலைக்கவசத்தின் விளிம்புக்கு அடியிலும் அப்படி ஒரு தேதி உண்டு. பெண்களுக்கு ஆண்களின் அளவையே கொடுத்துச் சமாளிப்பதை ஏற்க வேண்டாம். பெரிய கையுறை, பெரிய பூட்ஸ் இரண்டுமே இடறிவிடும். கண்ணுக்குப் போடும் மூக்குக்கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடி ஆகாது. புல் வெட்டுகிறவரும் இரும்பு அறுக்கிறவரும் பக்கவாட்டை மூடிய, இசட்87 அல்லது இஎன்166 என்று பொறித்த கண்ணாடி கேட்டு வாங்க வேண்டும்.

பொழுதுபோக்கு என்று பார்த்தால் நம் இளைஞர்களுக்கு உறுமி மேளம். அதைக் குறை சொன்னால் அடிக்க வருவார்கள், நானும் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் மூடிய மண்டபத்துக்குள் மணிக்கணக்காகப் பயிற்சி செய்கிறார்கள். தொழிற்சாலையில் ஒருநாள் முழுக்கச் சராசரியாக 85 டெசிபலுக்கு மேல் சத்தம் கூடாது என்று 2019-ஆம் ஆண்டு விதிமுறை சொல்கிறது. ஒரு கை தூரத்தில் நிற்பவரிடம் பேசக் கத்த வேண்டியிருந்தால் அந்த அளவைத் தாண்டிவிட்டது என்று கொள்ளலாம். பயிற்சி முடிந்து இரவில் காதில் ரீங்காரம் கேட்டால் அது எச்சரிக்கை. நுரைக் காதடைப்பு சில காசுதான். உருட்டி மெல்லியதாக்கி, காதை மேலே இழுத்து, உள்ளே விட்டு, விரிந்து நிற்கும் வரை பிடிக்க வேண்டும். தாளம் அப்போதும் கேட்கும். போன செவி திரும்பி வராது.

தைப்பூசத்துக்கு முன்நாள் இரதம் வரும் பாதையில் தேங்காய் உடைப்பதில் பினாங்குக்கு இணை கிடையாது. உடைக்கிறவர்களின் கண் முன்னால் ஓட்டுச் சில்லு பறக்கும். ஆனால் எனக்குக் கவலை, அதை அள்ளுகிறவர்களைப் பற்றி. கூட்டத்துக்கும் உடைப்புக்கும் நடுவே, வழுக்கும் சாலையில், இரதம் வருவதற்குள் அள்ளி முடிக்க வேண்டிய தொழிலாளர்கள் அவர்கள். அவர்களுக்குக் கண்ணாடியும் தடித்த அடிப்பாகம் உள்ள பூட்ஸும் கொடுப்பது உடைக்க ஏற்பாடு செய்யும் குழுக்களின் பொறுப்பு. அதைவிட முக்கியம், அள்ளி முடிக்கும் வரை உடைப்பை நிறுத்துவது. ஆயிரக்கணக்கில் தேங்காய் வாங்கும் குழுக்களுக்குப் பத்து ஜோடி கண்ணாடி வாங்குவது ஒரு செலவா?

ஏறக்குறைய எல்லா வேலை இடத்துக்கும் சட்டம் விரிந்தது என்று மேலே சொன்னேன். அந்த ‘ஏறக்குறைய’வில் விடுபட்டவர்கள் வீட்டுப் பணிப்பெண்கள். 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் அவர்களை வெளிப்படையாகவே ஒதுக்கி வைத்திருக்கிறது. கழிவறைத் திராவகத்தையும் குளோரின் வெளுப்பானையும் கையுறை இல்லாமல், சன்னல் இல்லாத குளியலறையில் ஒன்றன்மேல் ஒன்று ஊற்றித் தேய்ப்பது அவர்கள்தான். இரண்டும் சேர்ந்தால் நச்சு வாயு எழும், அதை எந்தத் துணி முகமூடியும் தடுக்காது. நம் வீட்டுப் பெண்கள் பலர் பிறர் வீட்டில் அந்த வேலைக்குப் போகிறார்கள், நம்மில் வசதியுள்ளவர்கள் வீட்டில் பிற நாட்டுப் பெண்கள் அதைச் செய்கிறார்கள். அந்த விலக்கை நீக்கச் சொல்லி மனித வள அமைச்சிடம் கோரிக்கை வைப்பவர்களோடு நம் இயக்கமும் சேர வேண்டும்.

விபத்து நடந்துவிட்டால் செய்ய வேண்டியது. காயத்தையும், அந்த நேரத்தில் போட்டிருந்த அல்லது கொடுக்கப்படாத சாதனத்தையும் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். மருந்துப் போத்தலின் ஒட்டுச்சீட்டையும் படம் எடுங்கள், மருத்துவருக்கு அது தேவைப்படும். மருத்துவரிடம் வேலையில் நடந்தது என்று வாயைத் திறந்து சொல்லி, அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். சாதாரண வயிற்றுவலி, சாதாரண அரிப்பு என்று எழுதிவிட்டால் பிறகு சொக்சோவில் கதவு மூடிக்கொள்ளும். முதலாளி விபத்தை 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடந்த விபத்தும் இதில் சேரும். 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் சொக்சோ உண்டு, உங்கள் பக்கத்தில் வேலை செய்யும் வங்காளதேசிக்கு அது தெரியாமல் இருக்கலாம். முதலாளி தெரிவிக்க மறுத்தால் நீங்களே சொக்சோ அலுவலகத்துக்குப் போங்கள். சாதனம் தரவில்லை, அல்லது அதற்குச் சம்பளத்தில் பிடித்தார்கள் என்றால் தொழில்சார் பாதுகாப்பு சுகாதார இலாகாவின் பினாங்கு அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, அதன் நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். சம்பளச் சீட்டில் பிடித்தத்துக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்பதையும் மறக்காமல் பாருங்கள். பெரும்பாலும் அங்கே ‘இதர செலவு’ என்றுதான் இருக்கும்.